ஒத்துவரலையாம்

அனுசுயாவை இதுவரை இருபத்துமூன்று மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒரே ஒரு குடும்பம்தான் அவள் வீட்டு வாசலை மிதித்தது. மற்ற எல்லோரும் அவளை ஹோட்டலில்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தது முதல் குடும்பம். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் அவளும் அப்பா ரத்தினவேலும் மட்டும். ஒரு வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார்கள். பஜ்ஜியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த ஒரு பெரியம்மா, "இது கடையில வாங்குனதால்ல இருக்கு? பொண்ணுக்கு அடுப்படிப் பக்கம் பழக்கம் இல்லியோ?" என்று கேட்டாள். மறுநாள் வேண்டாமென்று பதில் வந்தது. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு, படியேறுகிறவர்கள் எல்லாம் அனுசுயாவை நிறுத்தி, "என்னம்மா, முடிஞ்சிதா?" என்று விசாரித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ரத்தினவேல் சொன்னார்: "இனிமே வீடு வேணாம்மா. ஹோட்டல்ல பாத்துக்கலாம். சும்மா ஞாயித்துக்கெழம சாப்பிடப் போன மாதிரி இருக்கும். அமைஞ்சா பாப்போம். அமையலைன்னா சாப்ட்டதோட சரி. எவனுக்கும் எதுவும் தெரிய வேணாம்."

அப்பா தன் மீது எவ்வளவு பிரியம் வைத்திருந்தால் இப்படி யோசித்திருப்பார் என்று அன்று அவளுக்குக் கண் கலங்கியது.

ரத்தினவேல் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். அத்தனை வருஷமும் டிபன் கேரியர்தான். மனைவி இருந்தவரை வெளியில் சாப்பிடுவது என்றால் கல்யாணப் பந்தி, இல்லாவிட்டால் ரயில் பயணம். முதல் ஹோட்டலில், தில்லைநகரில், சாப்பாடு முடிந்ததும் சின்னக் கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் வைத்தபோது அதைக் குடிக்கப் போனார். அனுசுயா மேசைக்கடியில் அவர் காலை மெல்ல மிதித்துத் தடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

அதே மனிதர் ஒரு வருஷத்தில் ஆளே மாறிப்போனார். மெனு கார்டை மூக்குக்கண்ணாடி போட்டு முதல் பக்கத்திலிருந்து படிப்பார். "இங்க பன்னீர் ரப்பர் மாதிரி இருக்கும், காளான் சொல்லுங்க" என்று சம்பந்தியாகப் போகிறவர்களுக்கு யோசனை சொல்வார். மாப்பிள்ளை வீட்டார் யாரும் அமையாத ஞாயிறுகளிலும், "எடம் பாத்து வைக்கணும்ல, திடீர்னு யாராவது வந்தா எங்க கூட்டிட்டுப் போறது?" என்று அவளைக் கிளப்பிவிடுவார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி சொல்வார். உறையூரில் ஒரு வீட்டுமாடியில் நடக்கும் மீன் குழம்பு மெஸ், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிலோன் பரோட்டா போடும் இடம், பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் அரேபியக் கடை, தெற்குச் சித்திரை வீதியில் வாழையிலையில் பொங்கல் வைக்கும் டிபன் கடை. இப்படி ஊர் முழுக்க ஒரு சுற்று வந்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தயாராக நிற்பார்.

பதில் மட்டும் மாறவில்லை. செவ்வாயோ புதனோ, சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவி முடித்ததும், டி.வி.யைப் பார்த்தபடியே சொல்வார்: "ஒத்துவரலையாம்மா."

ஏன் என்று ஆரம்பத்தில் ஓரிரு முறை கேட்டாள். "சொல்லல. விடு" என்பார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். காரணத்தை அவளே தேட ஆரம்பித்தாள்.

ஒரு தடவை நூடுல்ஸ் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு ரொட்டிக்கு மேல் தொடுவதில்லை. கண்ணாடி போட்டிருந்ததால் இருக்குமோ என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். எதிரில் இருப்பவர்களின் முகம் மங்கலாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன் என்று ஒருவரிடம் சொன்னாள், பதில் வேண்டாமென்று வந்தது. அடுத்தவரிடம் "அவங்க இஷ்டம்" என்றாள். சிரித்தால் ஈறு தெரிகிறது என்று கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்து வாயை மூடிச் சிரிக்கப் பழகினாள். ஆறு வருஷத்தில் தன்னிடமிருந்து எதையெல்லாம் கழித்துவிட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

இந்த இருபத்துமூன்று பேரில் ஒருவனை மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெயர் நவநீதன். லால்குடிப் பக்கம். வேளாண்மைத் துறையில் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால், தில்லைநகரில் ஒரு மாடி ஹோட்டலில் பார்த்தார்கள். அனுசுயா புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வேலையைப் பற்றி எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அவன், "சில பேருக்கு நரம்பே கிடைக்காதாமே, அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் தன் கையை மேசை மேல் நீட்டி, "இது கிடைக்குமா?" என்றான். அவள் தொடாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் கண்ண மூடிட்டே எடுப்பேன்" என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவனுடைய அம்மாவும் சிரித்தாள். அன்று அனுசுயாவுக்குத் தொண்டைக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. தட்டில் இருந்ததை இருந்தபடியே வைத்துவிட்டு எழுந்தாள்.

புதன்கிழமை அப்பா சொன்னார்: "லால்குடி ஒத்துவரலையாம்மா."

சாப்பிடுகிற இடத்தில் ரத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று அன்றிரவு முடிவு செய்தாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும், "ஆஸ்பத்திரில வேல" என்பதோடு சரி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அவளோடு லேபில் வேலை பார்க்கும் ரிஃபானா பாலக்கரையில் ஒரு பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனாள். "அக்கா, உங்கப்பா இத இன்னும் கண்டுபிடிக்கல, பந்தயமே கட்டுவேன்" என்றாள். சின்னக் கடை. ஆறு மேசை. மதியம் ஒரு மணிக்கு வெளியே வரிசை நின்றது. கையைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது எதிரில் ஒருவன் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க அனுசுயாதானே? ஸ்ரீரங்கம்?"

அவள் கண்ணாடி போட்டிருந்தாள். உடனே தெரிந்துவிட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தான், வேறு மாற்றமில்லை.

"லால்குடி நவநீதன்" என்றான். "கண்ண மூடிட்டே எடுப்பேன்னீங்களே."

"ஞாபகம் இருக்குங்க" என்றாள். "நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேங்க. அதோ, வீட்ல." மூலை மேசையில் ஒரு பெண், மடியில் இருந்த குழந்தைக்குக் குஸ்காவை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள். "பையனுக்கு ஒன்றரை வயசு. நீங்க? கல்யாணம்..."

"இன்னும் இல்லைங்க."

அவன் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அன்னைக்கு வேணாம்னு சொன்னதும், மனசுல வேற யாரோ இருக்காங்க போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

"யாரு வேணாம்னு சொன்னது?"

"நீங்கதான். அப்பா சொன்னாரே. பொண்ணுக்கு இஷ்டமில்ல, நான் வற்புறுத்த முடியாதுன்னு. எங்கம்மாவுக்கு மனசே கேக்கல. நான் நேர்ல வந்து அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசுறேன்னாங்க. வேணவே வேணாம்னுட்டாரு. ரெண்டு மாசம் வேற எடமே பாக்காம இருந்தோம். ஒருவேள மனசு மாறுவீங்களோன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆறிப்போன ஒரு விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு. அவனுக்கு அதில் இனி ஒன்றும் இல்லை.

மூலையிலிருந்து, "என்னங்க, புள்ள தண்ணி கேக்குது" என்று குரல் வந்தது. "வரேங்க" என்று போய்விட்டான்.

அனுசுயா மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ரிஃபானா, "அக்கா, சோறு ஆறுது" என்றாள். அவள் கையை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடந்ததைச் சொன்னாள். சாதாரணமாக ஒரு நிமிஷம் வாயை மூடாத ரிஃபானா, எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்:

"அக்கா, இவரு ஒருத்தர்தானா?"

அந்தக் கேள்வியோடுதான் அனுசுயா நேராக ரங்கநாதன் கடைக்குப் போனாள். ரங்கநாதன் சித்திரை வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஊரார் ஜாதகத்தையெல்லாம் நகல் எடுத்து எடுத்தே கல்யாணத் தரகரானவர். அவளுடைய ஜாதகம் ஆறு வருஷமாக அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் பேச்செல்லாம் அப்பாவோடுதான். அவள் அந்தக் கடையில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

"எத்தன பேரு என்னைய சரின்னு சொன்னாங்க சார்?" என்று கேட்டாள்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத இப்ப வந்து கேக்குறீங்களேம்மா."

"சொல்லுங்க."

"லால்குடி ஒண்ணு. உறையூர்ல காலேஜ் வாத்தியாரு ஒருத்தர். புத்தூர்லயே மெடிக்கல் ஷாப் வச்சிருந்த பையன். அப்புறம் போன வருஷம், சம்சாரம் தவறிப்போனவரு, தொட்டியத்துக்காரரு. நாலு பேரு. நாலு பேருக்கும் நீங்கதான் வேணாம்னுட்டீங்கன்னு உங்கப்பா சொன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் இப்பல்லாம் நல்ல எடம் வந்தா மொதல்ல உங்களுக்குச் சொல்றதில்ல." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவளுக்கான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பெயர், நட்சத்திரம், வேலை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: பொண்ணு ரொம்பப் பார்க்குது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்குப் போனபோது ரத்தினவேல் மேசை மேல் போர்வையை மடித்துப் போட்டு, மறுநாளுக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு மாப்பிள்ளை வீடு வருவதாக இருந்தது. திருவெள்ளறைக்காரர்கள்.

"வாம்மா. நாளைக்குக் கண்டோன்மென்ட்டு. வடநாட்டுத் தாலிச் சாப்பாடு போடுறாங்களாம், பதினாறு அயிட்டம். பன்னண்டு மணிக்கெல்லாம் போயிட்டா நல்ல எடமா..."

"லால்குடி நவநீதன் வீட்ல என்ன சொன்னாங்கப்பா?"

"எந்த லால்குடி?" என்றார். ஆனால் கை நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருந்தது. அவள் போய் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"அவரை இன்னைக்குப் பாத்தேன். பாலக்கரைல. அவங்க சரின்னுதான் சொன்னாங்களாம்."

ரத்தினவேல் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கருகவில்லை. உதறி மடித்தார். "உனக்குப் பிடிக்கல" என்றார்.

"நான் சொன்னேனா?"

"சொல்லணுமா? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா எனக்கு? அன்னைக்கு நீ ஒரு வாய் சாப்பிடல. தட்டு அப்படியே இருந்துச்சு. புள்ளைக்கு மனசு இல்லேன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்."

"எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருந்துச்சுப்பா. அதான் சாப்பிட முடியல."

அவர் மடித்த சட்டையை மறுபடி பிரித்தார். "அப்ப சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே. வந்து, ஒத்துவரலையாம்னு மட்டும்தானே சொன்னீங்க. சரி, வாத்தியாரு?"

"அவனா? சர்வர வாடா போடாங்கிறான். எச்சி கைய ஒதறுறான். அவன்கிட்ட உன்னக் குடுக்கவா?"

"மெடிக்கல் ஷாப்?"

"அவங்கம்மா நமக்கும் சேத்து அவங்களே ஆர்டர் சொன்னாங்க. நாம வாயில்லாதவங்களா? இப்பவே இப்படின்னா நாளைக்கு உன்ன எப்படி நடத்துவாங்க?"

"தொட்டியத்துக்காரரு?"

"ரெண்டாந்தாரம்மா அது! உனக்கென்ன குறைச்சலு?"

"எனக்கு என்ன குறைன்னுதான்ப்பா ஆறு வருஷமா நான் தேடிட்டிருந்தேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. அவர் முகத்தில் எதையோ தேடினாள். செய்தது தப்பு என்ற ஒரு நிழல், மாட்டிக்கொண்டோம் என்ற ஒரு பதற்றம், ஏதாவது ஒன்று. இருந்தால் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ஒருவேளை மன்னித்துமிருப்பாள். அங்கே இருந்தது வேறு. அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டவனின் வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. உண்மையாகவே இருந்தது. அவர் சொன்ன காரணங்களை அவர் மனசார நம்பினார்.

"உங்கம்மா இருந்திருந்தா அவ பாத்துக்குவா" என்றார். "நான் ஒத்த ஆளு. உன்னக் கொண்டுபோயி எங்கயோ தள்ளிவிட்டுட்டு இங்க நான் எப்படி நிம்மதியா ஒரு வாய் திம்பேன், சொல்லு? எல்லாம் உனக்காகத்தான்." சட்டையை ஹேங்கரில் மாட்டிக் கதவில் தொங்கவிட்டார். "நாளைக்குப் பன்னண்டு மணிக்கு வரச் சொல்லியாச்சு. போகலைன்னா நல்லாருக்காது."

அவள் போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்டோன்மென்ட் ஹோட்டலுக்குத் திருவெள்ளறையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சித்தார்த்தன், அவனுடைய அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். சித்தார்த்தனுக்கு முப்பத்தெட்டு வயது. துவாக்குடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். முன்வழுக்கை. தண்ணீர் ஊற்ற வந்தவரிடம் "போதுங்க" என்று சொன்னான். அனுசுயா கண்ணாடியைக் கழற்றவில்லை. எல்லோருடைய முகமும் தெளிவாகத் தெரிந்தது.

ரத்தினவேல் வழக்கம்போலத்தான் இருந்தார். முந்தின நாள் அந்தப் பேச்சே நடக்காத மாதிரி, பதினாறு கிண்ணங்களில் எது எது என்று சம்பந்தி அம்மாவுக்கு விளக்கினார். "இது கடி. மோர்க்குழம்புதான், இனிப்பு போட்டிருப்பாங்க" என்றார். அனுசுயாவிடம் அக்கா வேலையைப் பற்றிக் கேட்டாள். ரத்தம் எடுப்பதைப் பற்றி, குழந்தைகளுக்கு எடுக்கும்போது அப்பாக்கள்தான் மயங்கி விழுவார்கள் என்பதைப் பற்றி அவள் சொன்னாள். சித்தார்த்தன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு முறை சிரித்தான். அவளும் பல் தெரியச் சிரித்தாள். ரொட்டி மூன்று சாப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் சித்தார்த்தனின் அம்மா, "ரொம்ப சந்தோஷம். வீட்ல கலந்து பேசிட்டு அப்பாவுக்குப் போன் பண்றோம்மா" என்றாள்.

"அப்பாவுக்கு வேணாம்மா" என்றாள் அனுசுயா. "எனக்குச் சொல்லுங்க. சரின்னாலும் சரி, வேணாம்னாலும் சரி." டிஷ்யூ தாளில் முன்பே எழுதி வைத்திருந்த தன் நம்பரைச் சித்தார்த்தனிடம் நீட்டினாள்.

சித்தார்த்தன் அம்மாவைப் பார்த்தான், அப்புறம் தாளை வாங்கிக்கொண்டான். அக்காதான் கேட்டாள்: "அப்பா பக்கத்துலயே இருக்காங்க, எதுக்கும்மா உங்கிட்ட?"

"அவரு வழியா வந்தா பதில் மாறிடுது."

ரத்தினவேல் சிரித்தார். "வெளையாட்டுப் புள்ள. தாயில்லாம வளந்தது பாருங்க" என்றார். அம்மா போனபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அதை அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் காரை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு முதலில் எழுந்தார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வெயில் கொளுத்தியது. ஆற்றில் மணல்தான். ஸ்கூட்டரில் ஏறும்போது ரத்தினவேல் வழக்கமாக அவள் தோளைப் பிடித்துக்கொள்வார். அன்று பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

திங்கள், செவ்வாய் போன் வரவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு, அவள் சாம்பிள்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. புது நம்பர். லேபை விட்டு வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"நான் சித்தார்த்தன் பேசுறேங்க. திருவெள்ளறை."

"சொல்லுங்க."

"வீட்ல வேணாங்கிறாங்க" என்றான். "உங்ககிட்டயே சொல்லச் சொன்னதால நானே கூப்பிட்டேன். அக்காவுக்குத்தான் பிடிக்கல. அப்பாவையே எல்லாரு முன்னாடியும் அப்படிப் பேசுற பொண்ணு, நாளைக்கு... அப்படிங்கிறாங்க."

"உங்களுக்கு?"

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "வீட்ட மீறி நான் எதுவும் செஞ்சதில்லைங்க" என்றான்.

"சரிங்க. கூப்ட்டுச் சொன்னதுக்கு நன்றி."

வராந்தாவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரலாம் என்று நினைத்தாள், உட்காரவில்லை. ஆறு வருஷத்தில் அவள் தன் காதால் கேட்ட முதல் "வேணாம்" இதுதான். காரணமும் தெரிந்துவிட்டது. ஈறு இல்லை, கண்ணாடி இல்லை, நூடுல்ஸ் இல்லை. அவள் தெரிந்தே செய்த ஒன்று. அதில் ஏதாவது ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்திருந்தாள். கிடைக்கவில்லை. ரிஃபானா எட்டிப் பார்த்து, "அக்கா, யாரு?" என்றாள். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மிச்சப் பெயர்களை ஒட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் ரத்தினவேல் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். டி.வி. ஓடவில்லை. அவள் முகம் கழுவி வரும்வரை காத்திருந்தார்.

"போன் ஏதும் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது உள்ளதைச் சொல்வதாகத்தான் இருந்தாள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் வேறு வார்த்தை வந்தது.

"சரின்னுட்டாங்க. ஆவணியிலயே வச்சுக்கலாங்கிறாங்க."

அவர் கையிலிருந்த காய் முறத்தில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. வலிக்கிறவர் மாதிரி முகம் சுருங்கியது. "ஓ" என்றார். "அப்படியா. நல்லது." எழுபதை நெருங்குகிற கிழவர், வெளிச்சம் குறைந்த அந்த அறையில், சட்டை போடாத உடம்போடு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். அவளுக்கு அவர் மீது இரக்கம் வந்தது. வந்ததற்காகத் தன் மீதே வெறுப்பும் வந்தது.

"நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள்.

ரத்தினவேல் மூச்சை விட்டார். அவள் காதுக்குக் கேட்கும்படி விட்டார். "ஏம்மா, நல்ல பையனாத்தானே தெரிஞ்சான்" என்றார். குரலில் அத்தனை நிம்மதி. மறைக்கத் தெரியவில்லை, மறைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "பசியா வந்திருப்ப. தோச ஊத்தவா? நெய் இருக்கு."

அவரே மூன்று தோசை ஊற்றிப் போட்டார். ஓரமெல்லாம் முறுகலாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. அவள் மூன்றையும் சாப்பிட்டாள். தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தவர், "சமயபுரம் ரோட்ல புதுசா ஒரு கடை தொறந்திருக்கானாம். செட்டிநாடு. ஞாயித்துக்கெழம சும்மா ஒரு எட்டுப் போய் பாத்துட்டு வருவமா?" என்றார்.

"ஞாயித்துக்கெழம டியூட்டி கேட்டு வாங்கிட்டேன்ப்பா. இந்த வாரத்துலேர்ந்து."

"இந்த வாரந்தானே?"

"எல்லா ஞாயிறும்."

அவர் தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "எல்லா ஞாயிறுமா?" என்றார். அப்புறம், கொஞ்சம் யோசித்து, "அப்ப மத்தியானத்துக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டார்.

"ரசம் வச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அனுசுயா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.